ஆயில் பிரஷர் முள் இறங்குகிறது: எதைச் சும்மா விடலாம், எதற்கு வண்டியை நிறுத்த வேண்டும்

ஆயில் பிரஷர் கேஜ் உள்ள கார் முதன்முதலாகக் கைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: காலையில் 4 பாரில் (பார் என்பது பிரஷரின் அளவு) நின்ற முள், ஒரு மணி நேரம் ஓட்டியதும் சிக்னலில் 1 பாருக்கு வந்துவிட்டது, இன்ஜின் போச்சா? போகவில்லை. ஆயில் சூடாகச் சூடாக முள் இறங்கும். ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஏற ஏற முள்ளும் ஏறும். இந்த இரண்டும் இயல்பு. இதற்கு எதிராக நடந்தாலோ, எதற்குமே அசையாமல் கிடந்தாலோதான் தேட வேண்டும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். முதல் இரண்டு தலைப்புகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## சிவப்பு ஆயில் விளக்கு எரிந்து, அணையவில்லை

ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். வண்டி நிற்கும் முன்பே அணைத்தால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு இறுகிவிடும். அதனால் முதலில் நிறுத்துங்கள், பிறகு அணையுங்கள். 'அடுத்த பங்க் வரைக்கும் மெதுவாகப் போய்விடலாம்' என்ற கணக்கு வேண்டாம். இந்த விளக்கின் சுவிட்ச், பல கார்களில் பிரஷர் 0.3 முதல் 0.5 பார் அளவுக்கு இறங்கினால்தான் வேலை செய்யும். விளக்கு எரிகிறது என்றால், அது சொல்வது உண்மையாக இருக்கும் பட்சத்தில், உள்ளே பிரஷர் கிட்டத்தட்ட இல்லை.

சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் போட்டு எடுங்கள்.

குச்சியில் ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருக்கிறது, அல்லது படவே இல்லை: ஆயில் ஊற்றுங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்குச் சுமார் 1 லிட்டர். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அளந்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சில நொடிகளில் விளக்கு அணைந்து, சத்தமும் இல்லை என்றால் நிதானமாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். போன ஆயில் எங்கே போனது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்: அடியில் ஒழுகலா, சைலன்சரில் நீலப் புகையா என்று பாருங்கள். ஐந்து நொடியிலும் அணையவில்லை என்றால் இன்ஜினை நிறுத்திவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஆயில் அளவு சரியாக இருக்கிறது: மறுபடி ஸ்டார்ட் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். டோ தான். கடைசியில் சென்சார் கோளாறு என்று முடியலாம், அப்படி முடிவது அபூர்வமும் இல்லை. ஆனால் ஆயில் இல்லாமல் பேரிங் ஓடினால் கெட்டுப்போகச் சில நிமிடங்கள் போதும். டோ கூலி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

விளக்கு மஞ்சள் நிறம், ஆயில் கேனுக்குக் கீழே அலைக்கோடு: பல கார்களில் இது அளவைச் சொல்லும் விளக்கு, பிரஷரைச் சொல்வதல்ல. ஊற்றிவிட்டுப் போகலாம்.

## எந்த அறிகுறிக்கும் முன்னால்: உங்கள் வண்டியின் எண்கள்

மற்றவர் கார் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்பதால் பயனில்லை. இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். வண்டி நன்றாக இருக்கும்போதே நான்கு எண்களை எழுதி வையுங்கள்: குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ததும் உள்ள ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் சும்மா ஓடும் நிலை), அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஐடிலிங், அதே சூட்டில் 2000 ஆர்பிஎம், 3000 ஆர்பிஎம்.

பழைய வகை, ஒரு சுற்றுக்கு எப்போதும் ஒரே அளவு ஆயில் தள்ளும் பம்ப் உள்ள இன்ஜின்களில் பொதுவாகப் பார்ப்பது இது: குளிரில் ஐடிலிங் 3 முதல் 5 பார், சூட்டில் ஐடிலிங் 0.7 முதல் 2 பார், சூட்டில் 3000 ஆர்பிஎம்மில் 3 முதல் 5 பார். கேஜ் பிஎஸ்ஐயில் இருந்தால் 1 பாருக்கு 14.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்று மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு ஒரு கைக்கணக்கு. அதை வைத்து இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் நம்பாதீர்கள். பல டொயோட்டா இன்ஜின்களின் சர்வீஸ் மேனுவல், சூட்டில் ஐடிலிங் சுமார் 0.3 பாருக்கு மேல் இருந்தால் போதும், 3000 ஆர்பிஎம்மில் சுமார் 2.5 முதல் 5.5 பார் இருக்க வேண்டும் என்கிறது. ஐடிலிங்கில் எவ்வளவு தாராளமாக விட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். 3000-ல் உள்ள எண்தான் அதிகம் பேசும்.

## காலையில் மேலே நிற்கும் முள், ஓட்ட ஓட்ட இறங்குகிறது

இயல்பு. 5டபிள்யூ-30 ஆயில் 40 டிகிரியில் இருக்கும் தடிப்பில் ஆறில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் இருக்கும். முள் இறங்காமல் வேறு என்ன செய்யும்?

இங்கே பலரைக் குழப்புவது, தண்ணீர் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்து நின்ற பிறகும் ஆயில் முள் தொடர்ந்து இறங்குவது. ஆயில் தண்ணீரைவிட மெதுவாகத்தான் சூடாகும். அது நிலைக்கு வர இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்கும். அதன் பிறகு முள் ஒரு இடத்தில் நிலைத்தால் அதுவே உங்கள் எண். நீண்ட மேடு, கடும் வெயில், முழு லோடு, ஊர்ந்து போகும் நெரிசல் எல்லாவற்றிலும் இன்னும் கொஞ்சம் இறங்கும், நகர்ந்து காற்றுப் பட்டதும் திரும்பும்.

## சிக்னலில் நின்றால் இறங்குகிறது, நகர்ந்ததும் ஏறுகிறது

இதுவும் இயல்பு. ஒரே ஒரு விஷயம்: நீங்கள் எழுதி வைத்த சூட்டு ஐடிலிங் எண்ணைவிட இப்போது வெகுவாகக் குறைந்திருந்தால் ஐடிலிங் ஆர்பிஎம்மையும் பாருங்கள். 800-ல் நிற்க வேண்டியது 600-ல் நின்றால் பிரஷரும் சேர்ந்து குறையும். அழுக்கடைந்த த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ததும் ஆயில் 'பிரச்சினை' தீர்ந்துபோன வண்டிகள் உண்டு.

## சூட்டில் ஐடிலிங்கில் மட்டும் சிவப்பு விளக்கு மினுக்குகிறது, ஆக்சிலரேட்டர் தொட்டதும் அணைகிறது

அடிக்கடி வருவதும், அடிக்கடி தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

1. ஆயில் அளவு. மேலே சொன்னபடி.

2. ஆயிலின் நிலை. குச்சியை மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள். பெட்ரோல் வாடை அடிக்கிறதா? போன மாதத்தைவிட அளவு ஏறியிருக்கிறதா? குறைந்த தூரம் மட்டும் ஓடும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களிலும், டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) எரிப்பு பாதியில் நின்றுபோகும் டீசல் கார்களிலும் எரிபொருள் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்துவிடும். ஆயில் தானாக ஏறியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுபவர்கள் இருக்கிறார்கள். அது கெட்ட செய்தி. ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். சீக்கிரமே மறுபடி ஏறினால் இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். அந்த நிலையில் ஓட்டக் கூடாது.

3. கிரேடு, அதாவது ஆயிலின் தடிப்பைச் சொல்லும் எண். 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் யாராவது 0டபிள்யூ-20 ஊற்றியிருக்கிறார்களா? கடைசி சர்வீஸ் பில்லைப் பாருங்கள்.

4. ஃபில்டர். மட்டமான ஃபில்டரை நல்லதாக மாற்றிப் பார்ப்பது மலிவான சோதனை.

5. சுவிட்ச் அல்லது சென்சார். கனெக்டரைக் கழற்றுங்கள். உள்ளே ஆயில் ஊறியிருந்தால் சுவிட்ச் கசிகிறது, மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது ஒற்றை ஒயர் சென்சாருக்கு டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றாதீர்கள். அதன் எர்த் நூல் வழியாகத்தான் கிடைக்கிறது. டேப் அதைக் கெடுத்தால் ரீடிங் தப்பாக வரும்.

6. மெக்கானிக்கல் கேஜ் போட்டு அளத்தல். இந்த இடத்தில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விடுங்கள். சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் குழாயுடன் கேஜ் மாட்டி, சூட்டில், ஐடிலிங்கிலும் 3000-லும் அளப்பார்கள். சின்ன வேலை. இதைச் செய்யாமலே 'பம்ப் போச்சு' என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் யாராவது கட்டாயம் ஒரு யோசனை சொல்வார்கள்: 20டபிள்யூ-50 ஊற்றிவிடு, விளக்கு எரியாது. எரியாது, உண்மைதான். பேரிங் தேய்ந்த பழைய இன்ஜினை விற்கும்வரை தள்ள அது உதவும், விற்பவருக்கு. காரணம் ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள வலை) அடைப்பாக இருந்தால், தடித்த ஆயில் குளிரில் அந்த அடைப்பு வழியே இன்னும் சிரமப்பட்டுத்தான் வரும். மேனுவல் அனுமதிக்கும் கிரேடுகளுக்குள் ஒரு படி தடித்ததற்குப் போவது வேறு விஷயம், அதில் தப்பில்லை.

## வளைவிலோ, பிரேக் அடிக்கும்போதோ விளக்கு ஒரு நொடி வந்து போகிறது

பெரும்பாலும் ஆயில் குறைவு. சம்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இருக்கும் கொஞ்ச ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் வாய் காற்றைக் குடிக்கிறது. அன்றே ஊற்றுங்கள். 'ஒரு நொடிதானே' என்று விடக் கூடாது, அந்த ஒரு நொடியில் பேரிங்குக்குப் போவது காற்று.

அளவு மேல்கோட்டில் இருந்தும் இப்படி வந்தால்: சம்பின் அடிப்பக்கம் கல்லிலோ வேகத்தடையிலோ இடித்து உள்ளே நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கிய தகடு உறிஞ்சும் வாயை மூடியிருக்கும். அதுவும் இல்லையென்றால், குலுக்கலில் உரசும் ஒயர்.

## ஸ்டார்ட் செய்ததும் விளக்கு அணையத் தாமதம், கூடவே கடகடவென்று சத்தம்

இரண்டு மூன்று நொடி சாதாரணம். ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய அன்று முதல் ஸ்டார்ட்டில் இன்னும் கொஞ்சம் கூடலாம், ஏனென்றால் ஃபில்டர் காலியாக இருக்கும். அப்போது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் காத்திருங்கள்.

ஒவ்வொரு நாள் காலையிலும் இப்படி, பகலில் ஒரு மணி நேரம் நிறுத்தி எடுத்தால் இல்லை என்றால், ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வைச் சந்தேகப்படுங்கள். இரவில் ஆயில் சம்புக்கு வடிந்துவிடாமல் பிடிப்பது அதன் வேலை. நல்ல ஃபில்டர் போட்டுப் பாருங்கள். மாறவில்லை, சத்தமும் முன்பைவிட நீள்கிறது என்றால் டைமிங் செயின் டென்ஷனர் பக்கம் போக வேண்டும். அது வீட்டு வாசலில் செய்யும் வேலை இல்லை.

## ஆர்பிஎம் ஏற்றினால் முள் இறங்குகிறது

இந்தப் பட்டியலில் எனக்குப் பயம் தருவது இது ஒன்றுதான். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் முள் கீழே சரிந்து, வேகம் குறைத்ததும் மேலே வந்தால், பம்ப் கேட்கும் அளவு ஆயில் அதற்குக் கிடைக்கவில்லை. ஐடிலிங்கில் எல்லாம் சரியாகக் காட்டுவதால் பலர் இதைச் சென்சார் கோளாறு என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். நீங்களாகப் பார்க்கக்கூடியது இரண்டு. ஒன்று, ஆயில் குறைவு. இரண்டு, ஆயில் மிகை: மேல்கோட்டுக்கு வெகு மேலே இருந்தால் சுழலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், பம்ப் நுரையை உறிஞ்சும். குச்சியில் குமிழிகள் தெரிந்தால் அதுதான். கூடுதலை வடித்துவிட்டால் சரியாகும்.

இரண்டும் இல்லையென்றால் ஓட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் சேர்ப்பியுங்கள். அங்கே முதல் வேலை சம்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்ப்பது. காலம் தாழ்த்தி ஆயில் மாற்றிய வண்டிகளில் கறுப்புக் கசடு வலையை மூடியிருக்கும். டைமிங் பெல்ட் ஆயிலில் நனைந்தபடி ஓடும் வகை இன்ஜின் என்றால், பெல்ட்டிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் வலையில் சிக்கியிருக்கும். வலையைச் சுத்தம் செய்து மாட்டினால் போதாது, பெல்ட்டையும் மாற்ற வேண்டும். உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் காய்ந்து கெட்டியாகிக் காற்று இழுப்பதும் உண்டு. சின்ன ரப்பர் வளையம்தான், ஆனால் அதை மாற்ற இவ்வளவையும் கழற்ற வேண்டும்.

கசடு நிறைந்த பழைய இன்ஜினில் ஃப்ளஷ் திரவம் ஊற்றுவதற்கு நான் எதிரி. பக்கங்களில் ஒட்டிக் கிடந்த கசடு மொத்தமாகப் பெயர்ந்து அதே வலைக்குத்தான் போய்ச் சேரும்.

## முள் துள்ளுகிறது, சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறது, அல்லது ஒரே ஓட்டமாக உச்சிக்குப் போய் நிற்கிறது

உண்மையான பிரஷர் அப்படித் துள்ளாது. ஏறினாலும் இறங்கினாலும் ஓட்டத்தோடு வழுக்கிப் போகும். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனால் ஒயரும் சென்சாரும்தான் பெரும்பாலும் காரணம். இருந்தாலும் பூஜ்யத்துக்கு விழுந்தால் நிறுத்தி, டிப்ஸ்டிக்கும் சத்தமும் சரி என்று உறுதி செய்த பிறகே இதை நம்புங்கள்.

சாதாரண ஒற்றை ஒயர் சுவிட்ச் உள்ள வண்டியில்: சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்போ ஒயரோ சுவிட்சோ போயிருக்கிறது, அதாவது இத்தனை நாளும் எச்சரிக்கையே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எரிந்தால் ஒயரைக் கழற்றுங்கள். அணைந்துவிட்டால் ஒயர் நல்லது. கழற்றியும் எரிந்தால் ஒயர் எங்கேயோ பாடியைத் தொடுகிறது. சில புதிய கார்களில் சுவிட்ச் இதற்கு நேர்மாறாக வேலை செய்யும், கழற்றினாலே கோளாறு பதிவாகும். மேனுவலைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மூன்று ஒயர் சென்சார் என்றால் ஸ்கேனர் போடுங்கள். பி0522, பி0523 இரண்டும் சிக்னல் வோல்டேஜ் குறைவு, கூடுதல் என்பதைச் சொல்பவை, ஒயரிங்கில் தொடங்கலாம். பி0524 வந்தால் பிரஷரே குறைவு என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. அதை அழித்துவிட்டு ஓட்டக் கூடாது.

ஒரு தனி வகை: சிலிண்டர்களை நிறுத்தி ஓடும் சில ஜெனரல் மோட்டார்ஸ் வி8 இன்ஜின்களில் சென்சாருக்கு அடியில் ஒரு சின்ன வலை உண்டு. அது அடைத்தால் பிரஷர் நன்றாக இருந்தும் கேஜ் குறைவாகக் காட்டும். சென்சாரை மட்டும் மாற்றினால் தீராது.

## முள் எப்போதும் நட்ட நடுவில்

குளிரிலும் சூட்டிலும், ஐடிலிங்கிலும் 4000-லும் இம்மி அசையாத முள் பெரும்பாலும் வெறும் அலங்காரம். பின்னால் இருப்பது சென்சார் அல்ல, விளக்குக்கு உள்ள அதே சுவிட்ச். ஒரு குறைந்த அளவுக்கு மேல் பிரஷர் இருந்தாலே முள் நடுவுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் முதலில் உண்மையான கேஜ் இருந்தது. 1995 மாடலிலிருந்து இப்படி மாற்றினார்கள். முள் இறங்குவதைப் பார்த்துப் பயந்து வருபவர்களின் தொல்லையைக் குறைக்க இது கம்பெனிகளுக்கு வசதி. இப்படிப்பட்ட முள் ஒருநாள் கீழே விழுந்தால், சிவப்பு விளக்குக்குக் கொடுக்கும் அதே மரியாதையை அதற்கும் கொடுங்கள்.

## குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் பிரஷர் படிபோல் ஏறுகிறது

இரண்டு நிலை பம்ப் உள்ள புதிய இன்ஜின். குறைந்த வேகத்தில் 2 பார் அளவில் நிறுத்தி எரிபொருளை மிச்சம் பிடிக்கும், ஆர்பிஎம்மோ லோடோ கூடியதும் 3 பாருக்கு மேல் தாவும். கோளாறு இல்லை. முன்பு தாவிக்கொண்டிருந்தது இப்போது தாவவில்லை என்றால், பம்பைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டை (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) பார்க்கச் சொல்லுங்கள்.

## சூட்டிலும் முள் இறங்காமல் மேலேயே நிற்கிறது

பிரஷர் கூடுதல் என்றால் நல்லதுதானே என்று விடாதீர்கள். கிரேடு தடித்ததா என்று முதலில் பாருங்கள், பிறகு சென்சார். இரண்டும் சரி, மெக்கானிக்கல் கேஜும் கூடுதலாகவே காட்டுகிறது என்றால் கூடுதல் பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம். இந்த நிலையில் ஃபில்டர் உப்பும், அதன் கேஸ்கெட் பிதுங்கி நிமிடங்களில் ஆயில் முழுவதும் சாலைக்குப் போகும். மெக்கானிக் வேலை.

ஃபில்டர் மாற்றிய மறுநாளே பெரிய ஒழுகல் என்றால் ரிலீஃப் வால்வைத் தேட வேண்டாம். பழைய ஃபில்டரின் கேஸ்கெட் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதியது ஏறியிருக்கும்.

## மெக்கானிக்கல் கேஜும் குறைவு என்கிறது

இனி எல்லாம் ஒர்க்‌ஷாப்பில்தான். ஆனால் எந்த வரிசையில் கழற்றுகிறார்கள் என்பதை நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். சம்பும் ஸ்ட்ரெய்னரும் முதலில். அடுத்து திறந்தபடி சிக்கிய ரிலீஃப் வால்வு. அடுத்து பம்ப். கடைசியில்தான் மெயின் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங். சம்ப் கழன்றிருக்கும்போதே பல இன்ஜின்களில் ஒரு ராடு மூடியைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்துவிட முடியும். செம்பு நிறம் தெரிந்தால் புது பம்ப் போட்டுப் பயனில்லை. வடித்த ஆயிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பழைய ஃபில்டரை வெட்டித் தாள் மடிப்புகளையும் விரிக்கச் சொல்லுங்கள். பளபளக்கும் துகள்கள் இருந்தால் தேய்மானம் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது.

சத்தத்தையும் பிரித்துச் சொல்லுங்கள், அவர்கள் வேலை பாதியாகும். மேலே டிக்டிக் என்றால் டேப்பெட் (வால்வுகளைத் தள்ளும் பாகம்) பக்கம். அடியிலிருந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கனத்த டொக் டொக் வந்தால் ராடு பேரிங். குறைந்த பிரஷரோடு அந்த டொக் சத்தமும் சேர்ந்து கேட்டால் ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிப்போக வேண்டாம். ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்தால் பிறகு பேரிங் விலையைப் பற்றிப் பேச்சே இருக்காது, இன்ஜின் விலைதான்.